வில்சன்ஸ் புரொமில் கூடாரம் போடப் போகிறீர்களா?

மெல்பேர்ணில் எங்கள் ஆட்கள் காம்பிங் போவதென்றால் பாதி வீட்டை ஏற்றிக்கொண்டுதான் புறப்படுவார்கள். பெரிய தாச்சி, அரிசி மூட்டை, இரண்டு வாளி நிறைய ஊறவைத்த இறைச்சி, கரம் போர்ட், மாமிக்கு ஒரு மடக்குக் கட்டில். சில இடங்களுக்கு இது சரிவரும். நாங்கள் 'புரொம்' என்று சுருக்கிச் சொல்லும் வில்சன்ஸ் புரொமொண்டரி தேசியப் பூங்காவுக்குச் சரிவராது. அங்கே இரவில் உங்களை எழுப்பப் போகிறவர்கள் இரண்டு பேர்: மேற்கிலிருந்து வரும் காற்று, சாப்பாட்டு வாசம் பிடித்து வரும் வொம்பட் என்ற குட்டைக்கால் காட்டு விலங்கு. கொண்டுபோகும் சாமான் கூடக்கூட இருவருக்கும் வேலை சுலபம். அதனால் நான் சொல்லப்போவது முழுக்க, எதைக் குறைப்பது, எதைக் குறைக்கவே கூடாது என்பதுதான்.

போகாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். மெல்பேர்ணுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 200 கி.மீ. தூரம். அவுஸ்திரேலியப் பெருநிலத்தின் தென்கோடி முனை இந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. குனாய்குர்னாய், பூனுரோங் என்ற பூர்வகுடி மக்களின் நிலம்; யிருக் என்றும் வமூன் என்றும் அவர்கள் சொல்வார்கள். 1898இலேயே பூங்காவுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். கருங்கல் மலை நேராகக் கடலுக்குள் இறங்கும், இடையிடையே வெள்ளை மணல் குடாக்கள். காரில் போய்க் கூடாரம் போடுகிற இடம் டைடல் ரிவர். சுடுதண்ணிக் குளியலறை, கழிப்பறை, ஒரு கடை, தகவல் நிலையம் எல்லாம் உண்டு. "காடு" என்று பயந்து அம்மம்மாவை விட்டுவிட்டுப் போக வேண்டிய அவசியமே இல்லை. மணலில் உருளக்கூடிய அகலச் சில்லு வைத்த சக்கர நாற்காலிகூட அங்கே இரவலாகக் கிடைக்கும், முன்கூட்டியே கேட்டு வைத்தால் சரி.

எப்போது போவது, எப்படி இடம் பிடிப்பது

பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. கூடாரம் போட மட்டும்தான் காசு. பூங்காவை நடத்தும் பார்க்ஸ் விக்டோரியாவின் இணையத்தளத்தில் பதிய வேண்டும். இடம் இல்லாமல் "போய்ப் பார்ப்போம்" என்று கிளம்பாதீர்கள். வாசலிலிருந்து டைடல் ரிவருக்கே 30 கி.மீ. வளைந்து வளைந்து போகவேண்டும். இடமில்லை என்றால் அத்தனையையும் திரும்பி வர வேண்டும்.

480க்கும் மேற்பட்ட இடங்கள் இருந்தும் கிறிஸ்மஸ் முதல் ஜனவரிக் கடைசி வரை குலுக்கல் முறையில்தான் கொடுக்கிறார்கள். அந்தக் குலுக்கலுக்குப் பல மாதங்களுக்கு முன்பே பெயர் கொடுக்க வேண்டும். கோடை வருகிறதே என்று நவம்பரில் நினைவு வந்தால் காலம் கடந்துவிட்டது. சில குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக அதே கிழமையில் அதே இடத்தில் நிற்கிறார்கள். அவர்களோடு போட்டி போட்டு என்ன செய்ய?

என்னைக் கேட்டால் பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு, பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடியும் வரைதான் சிறந்த காலம். கடல் மெதுவாகச் சூடேறும் என்பதால் ஜனவரியைவிட அப்போதுதான் தண்ணீர் கொஞ்சமாவது இதமாக இருக்கும். மார்ச்சில் வரும் தொழிலாளர் தின நீண்ட வார இறுதியை மட்டும் விட்டுவிடுங்கள். ஜனவரியில் 'மார்ச் ஃபிளை' என்று ஒரு பெரிய கடி ஈயும் உண்டு, பெயரில்தான் மார்ச். கருநீலம், கறுப்பு என்று உடுத்தினால் தேடி வந்து கடிக்கும். வெள்ளை, இளமஞ்சள் போடுங்கள்.

ஒரு இடத்துக்கு இத்தனை பேர், ஒரு வாகனம் என்று கணக்கு உண்டு. இரண்டு குடும்பம் என்றால் அருகருகே இரண்டு இடம் பதிய வேண்டும். கூடாரம் சின்னதுதானே என்று மூன்று காரில் போய் ஒரே இடத்தில் இறங்கினால் பூங்கா அதிகாரி (ரேஞ்சர்) வந்து நிற்பார். மின்சாரம் உள்ள இடங்கள் மிகக் குறைவு, அவை கரவன் என்ற வண்டி வீட்டோடு வருகிறவர்களுக்கே போதாது. ஆகவே ரைஸ் குக்கரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நாயையும்தான், தேசியப் பூங்காவுக்குள் வளர்ப்புப் பிராணி கூடாது.

பாதை கஷ்டமில்லை. எங்கள் டண்டினோங்கிலிருந்து சவுத் கிப்ஸ்லாண்ட் நெடுஞ்சாலையைப் பிடித்தால் கிரான்பேர்ன், கொரம்பரா, லியோங்காத்தா, மீனியன். மீனியனில் திரும்பி ஃபிஷ் கிரீக், பிறகு யானக்கி, அதோடு பூங்கா வாசல். மரக்கறி, பால், ஐஸ் எல்லாவற்றையும் லியோங்காத்தாவில் வாங்கி, பெட்ரோலையும் அங்கேயே நிரப்பிவிடுங்கள். உள்ளே இருக்கும் கடையில் அவசரத்துக்குப் பாணும் பாலும் கிடைக்கும், சமையலுக்கு அதை நம்ப முடியாது. பொழுது படுவதற்குள் போய்ச் சேருங்கள். யானக்கிக்கு அப்பால் மாலை நேரத்தில் கங்காருவும் வொம்பட்டும் ஈமுவும் பாதையில் நடமாடும். இருட்டில் கூடாரம் போடுவது எவ்வளவு வில்லங்கம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

காற்று

புரொம் தென் அகலாங்கு 39 பாகையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. டைடல் ரிவருக்கு முன்னாலுள்ள நோர்மன் கடற்கரை மேற்கைப் பார்த்தது. அதனால்தான் சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க முடிகிறது, அதனால்தான் மேற்குக் காற்று தடையில்லாமல் உங்கள் கூடாரத்துக்கு வந்து சேருகிறது. அழகும் தொல்லையும் ஒரே திசை.

இடம் தெரிவு செய்யும்போது கடல் தெரிகிறதா என்று பார்க்காதீர்கள். ரீ-ட்ரீ என்று சொல்லும் குட்டைப் பற்றைகள் மேற்குப் பக்கம் அடர்த்தியாக நிற்கிறதா என்று பாருங்கள். அதுதான் உங்கள் சுவர். மணல்மேட்டுக்குப் பின்னால் இருந்தாலும் கடல் நடக்கும் தூரம்தான். பெரிய யூக்கலிப்டஸ் மரத்தின் கிளைக்கு நேர்கீழே மட்டும் படுக்க வேண்டாம்; காற்றில்லாத நாளில்கூட அந்த மரங்கள் கிளையைக் கழற்றிப் போடும்.

கூடாரம் தாழ்வாக இருக்க வேண்டும். உள்ளே நின்று சேலை உடுக்கலாம் என்று கடைக்காரர் காட்டுகிற பெரிய அறைக் கூடாரம் இந்தக் காற்றில் பாய்மரம் ஆகிவிடும். வாசலைக் கிழக்கே வையுங்கள். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் இந்த மணலில் நிற்காது. காம்பிங் கடைகளில் மணலுக்கென்றே அகலமான நீள முளை விற்கிறார்கள், ஓரடியாவது நீளம் இருக்கட்டும். தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்கிற மாதிரி அடியுங்கள். அதுவும் பிடிக்காத தளர் மணலா? ஒரு துணிப்பையில் மணல் நிரப்பி, கயிற்றை அதன் நடுவில் கட்டி, முழங்கை ஆழத்துக்குத் தோண்டிக் குறுக்காகப் புதைத்து மேலே மிதித்து விடுங்கள். அது அசையாது. எல்லா இழுகயிறுகளையும் முதல் நாளே கட்டிவிடுங்கள். பின்னேரம் அமைதியாக இருந்தது என்று விட்டால் விடிய இரண்டு மணிக்குச் சாரத்தோடு வெளியே நின்று கட்ட வேண்டி வரும். வருடாவருடம் பக்கத்து இடத்தில் யாராவது ஒரு அண்ணா அப்படி நிற்பதைப் பார்க்கிறேன்.

நிழலுக்கென்று கொண்டுவரும் நான்கு கால் கசீபோவைப் படுக்கப் போகும் முன் இறக்கிவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

கீழே விரிக்கும் தறப்பாள் கூடாரத்தின் அடியைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணி அதில் வழிந்து உங்கள் முதுகுக்குக் கீழே வந்து தேங்கும். கோடையிலும் இரவு குளிரும். காற்றடைத்த மெத்தையின் மேல் போர்வை போர்த்தினால் மட்டும் போதாது, மெத்தைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு கம்பளியை விரியுங்கள். குளிர் கீழிருந்துதான் ஏறும். அதற்காகக் கூடாரத்துக்குள் காஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ மூட்டி வைத்துப் படுத்துவிடாதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே ஆளைக் கொன்றுவிடும்.

வொம்பட்

படத்தில் பார்க்கக் குண்டுப் பிள்ளை மாதிரி இருக்கும். உண்மையில் 25, 30 கிலோ தசை, முன்னால் வாழ்நாள் முழுக்க வளரும் பற்கள். டைடல் ரிவர் வொம்பட்டுகளுக்கு மனிதப் பயம் கிடையாது. உள்ளே பிஸ்கட் இருப்பது தெரிந்தால் கூடாரத்தின் சிப்பைத் திறக்கத் தெரியாது என்பதால் துணியைக் கிழித்துக்கொண்டு வரும். எழுநூறு டொலர் கூடாரமா, எழுபது டொலர் கூடாரமா என்று பார்க்காது.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: இரவில் வாசமுள்ள எதுவும் கூடாரத்தில் இருக்கக் கூடாது, எல்லாம் காருக்குள். சாப்பாடு என்றால் எல்லோருக்கும் விளங்கும். மறந்துபோவது மற்றவை. பற்பசை, பிள்ளைகளின் மருந்துப் பாணி, தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய், குப்பைப் பை, சின்னவனின் காற்சட்டைப் பையில் கிடக்கும் பாதி முறுக்கு. எஸ்கி என்ற குளிர்பெட்டியையும் மேசைக்குக் கீழே விட்டுவிடாதீர்கள். மீன் கழுவிய தண்ணியைக் கூடாரத்தடியில் ஊற்றுவது வெற்றிலை வைத்து அழைப்பது போலத்தான்.

பகலில் கடற்புறாக்களும் கிளிகளும் அந்த வேலையைப் பார்க்கும். பாண் துண்டு போட்டுப் படம் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். போடாதீர்கள். சட்டப்படியும் குற்றம், அதோடு இன்று நீங்கள் போட்டால் நாளை அடுத்த குடும்பத்தின் குழந்தை கையிலிருந்து பறிக்கும்.

பாம்பும் உண்டு, டைகர், கொப்பர்ஹெட் என்ற இரண்டும் விஷம். பாதையில் நடந்தால், பற்றைக்குள் கை விடாவிட்டால் அதன்பாட்டில் போய்விடும். இரவில் கழிப்பறைக்குப் போகும்போது சப்பாத்தும் ரோச்சும் கட்டாயம். அகலமான அழுத்தக் கட்டுத்துணி இரண்டு முதலுதவிப் பெட்டியில் இருக்கட்டும். கடித்தால் கழுவவோ கீறவோ கூடாது, கடித்த கையையோ காலையோ முழுக்க இறுக்கிச் சுற்றி, அசையாமல் படுக்க வைத்து, அவசர எண் 000ஐ அழைக்க வேண்டும்.

சமையல்

இங்கேதான் எங்கள் ஆட்களோடு எனக்குச் சண்டை. முதலாவது, விறகு அடுப்பு, கரி அடுப்பு எதுவும் பூங்காவில் எந்தக் காலத்திலும் கூடாது. காரணம் இல்லாமல் இல்லை. 2005இல் கட்டுப்படுத்தி மூட்டிய தீயே கைமீறிப் போனது. 2009 பெப்ரவரியில் மின்னல் விழுந்து பற்றிய தீ பூங்காவின் ஏறக்குறையப் பாதியைத் தின்றது. ஆகவே காஸ் அடுப்பு, அல்லது அங்கே பொதுவாக வைத்திருக்கும் இலவச பார்பிகியூத் தட்டு.

இரண்டாவது, அந்தக் காஸ் அடுப்பு. பெட்டி மாதிரி இருக்கும், பக்கத்தில் பியூட்டேன் குப்பியைச் செருகுவோம், எங்கள் வீடுகளில் எல்லாம் இருக்கிறது. அதன்மேல் அடுப்பைவிட அகலமான தாச்சியை வைத்தால் சட்டியின் வெப்பம் கீழே திரும்பிக் காஸ் குப்பியைச் சூடாக்கும். குப்பி வெடிக்கும். காற்றுக்கு மறைப்பாக அடுப்பைச் சுற்றி அலுமினியத் தாள் கட்டினாலும் இதே கதைதான். இருபது பேருக்குப் பிரியாணி அந்த அடுப்பில் செய்யாதீர்கள். சின்னப் பிரஷர் குக்கர்தான் அதற்கு ஏற்றது; காஸும் மிச்சம், காற்றில் சூடும் வீணாகாது.

என் முறை இது. இறைச்சிக் கறி, பருப்பு இரண்டையும் வீட்டில் வற்றக் காய்ச்சி, தட்டையான டப்பாக்களில் போட்டு உறையவைத்து எஸ்கியின் அடியில் அடுக்குவேன். அதுவே ஐஸ். மேலே வாங்குகிற ஐஸும் கட்டியாக இருக்கட்டும், சின்னத் துண்டுகள் சீக்கிரம் கரைந்துவிடும். முதல் இரவு கறியும் பாணும். இரண்டாம் நாள் சோறும் பருப்பும் முட்டைப் பொரியலும். காலையில் ரொட்டி, மா குழைத்தே கொண்டுபோகலாம். சீனிச் சம்பல் ஒரு போத்தல் எப்போதும் இருக்கும், அது குளிர்பெட்டி இல்லாமலே சில நாள் நிற்கும். மீன் பொரிப்பதைப் பொதுத் தட்டில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கூடாரத்தடியில் வேண்டாம்.

சீனிச் சம்பலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. முழுத் தீத்தடை அறிவித்த நாளில் திறந்த வெளியில் உங்கள் காஸ் அடுப்பையும் மூட்டக் கூடாது. அந்த நாளுக்கென்று அடுப்பில்லாத ஒரு வேளைச் சாப்பாடு கையில் இருக்க வேண்டும். பாண், சம்பல், வாழைப்பழம், பிளாஸ்கில் காலையிலேயே கடையில் வாங்கிய சுடுதண்ணி. தீ, வெள்ள எச்சரிக்கை தரும் விக்-எமர்ஜென்சி செயலியைப் புறப்படும் முன்பே போனில் இறக்கிவிடுங்கள். அங்கே சமிக்ஞை எல்லா நிறுவனத்துக்கும் ஒழுங்காகக் கிடைக்காது, காரில் ஏபிசி வானொலியும் கேளுங்கள். தீ அபாயம் உச்ச நிலையான 'கெட்டஸ்ட்ரோபிக்' என்று அறிவித்தால் பூங்காவையே மூடிவிடுவார்கள். "பதிந்த காசு போகிறதே" என்று நிற்கிற நாள் அல்ல அது. உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே பாதைதான். 2011 மார்ச்சில் பெருமழையில் அந்தப் பாதையும் பாலமும் உடைந்து, டைடல் ரிவரில் நின்றவர்களை ஹெலிகொப்டரில் ஏற்றித்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

கடல்

நோர்மன் கடற்கரை தண்ணீர் வற்றும் நேரத்தில் மிக அகலம், பிள்ளைகள் கிரிக்கெட் விளையாட வேறு இடமே வேண்டாம். ஆனால் இது எங்கள் பருத்தித்துறைக் கடலோ, பாசிக்குடாவோ இல்லை. கோடையிலும் தண்ணீர் 18 பாகை அளவுதான். அலைக்கு நடுவில் அலை உடையாமல், கறுப்பாக, அமைதியாகத் தெரிகிற ஒரு வழி இருந்தால் அங்கே இறங்காதீர்கள். அதுதான் ரிப், கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம். அமைதியாக இருக்கிறதே என்று எங்கள் பெற்றோர் சின்னவர்களைக் கூட்டிக்கொண்டு நேரே அங்கேதான் போவார்கள். அகப்பட்டால் எதிர்த்து நீந்தக் கூடாது. மல்லாந்து மிதந்து கையை உயர்த்த வேண்டும். உயிர்காப்பாளர் நிற்கும் நாள்களில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள். அவர்கள் இல்லாத நாளில் முழங்கால் ஆழமே போதும் என்பது என் சட்டம். அத்தான் இதற்காக என்னைப் பகிடி பண்ணுவார், பண்ணட்டும்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கடலைவிட ஆறு நல்லது. தாவரங்களின் சாயம் இறங்கிப் பழுப்பாக ஓடும், அழுக்கு என்று நினைக்க வேண்டாம். ஓரத்தில் ஆழம் குறைவு. ஆறு கடலோடு சேரும் வாயில் மட்டும், அதிலும் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், இழுப்பு இருக்கும். அந்தப் பக்கம் விடாதீர்கள்.

ஸ்குவீக்கி கடற்கரைக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள். டைடல் ரிவரிலிருந்தே முனையைச் சுற்றி நடந்து போகலாம், காரிலும் போகலாம். அங்குள்ள குவார்ட்ஸ் மணல் உருண்டை உருண்டையானது, காய்ந்த இடத்தில் காலைத் தேய்த்து நடந்தால் கீச்சிடும். பிள்ளைகள் அரை மணி நேரத்துக்கு அதையே செய்துகொண்டிருப்பார்கள். சிப்பி பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட வேண்டும். வெயிலை இலேசாக எண்ணாதீர்கள். எங்கள் தோலுக்கு ஒன்றும் ஆகாது என்பது பொய். கோடை நடுப்பகலில் இங்கே புற ஊதாச் சுட்டெண் 11ஐத் தாண்டும், காற்று குளிர்ந்து அடிப்பதால் சுடுவது தெரியாது.

நடக்கக்கூடியவர்களுக்கு ஒபெரொன் மலை, 558 மீட்டர். டெலிகிராப் சாடிலிலிருந்து ஒரு வழி 3.4 கி.மீ., பெரும்பாலும் அகலமான பாதை, கடைசியில் மட்டும் படியும் பாறையும். கோடை நெரிசலில் அதுவரை காரை விடமாட்டார்கள், இலவசப் பேருந்து ஓடும். பாதை திறந்திருந்தால் இளையவர்கள் சீலர்ஸ் கோ என்ற குடாவுக்கு முதுகுப் பையோடு 10 கி.மீ. நடந்து ஒரு இரவு தங்கலாம். அதற்குத் தனியாகப் பதிய வேண்டும், குப்பையைத் திரும்பச் சுமக்க வேண்டும், குடிதண்ணியைக் கொதிக்க வைக்க வேண்டும். முகாமுக்குப் போக ஒரு ஓடையைக் கடக்க வேண்டும், நீர் வற்றியிருக்கும் நேரம் பார்த்துப் போகாவிட்டால் இடுப்பளவில் நனையத்தான் வேண்டும்.

புறப்படும் காலையில் கூடாரம் பனியில் நனைந்திருக்கும். அப்படியே சுருட்டி ஏற்றுங்கள், பரவாயில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த அன்றே துணி காயும் கொடியிலோ கராஜிலோ விரித்துக் காயவிடுங்கள். இரண்டு நாள் பையில் கிடந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும், அந்த மணம் பிறகு போகாது. முளைகளை நல்ல தண்ணியில் கழுவுங்கள், உப்பு இரும்பைத் தின்னும். சிப்புக்குள் புகுந்த மணலைப் பழைய பல் தூரிகையால் தட்டி எடுத்துவிட்டு, ஒரு மெழுகுதிரித் துண்டை அதன்மேல் தேய்த்து வையுங்கள்.